வட்டமாக இருந்தால் வாஷர்

வட்டமாக இருப்பதெல்லாம் வாஷர், கறுப்பாக இருப்பதெல்லாம் ரப்பர், விரலால் அமுக்கினால் உள்ளே போகிறதா, விட்டால் வெளியே வருகிறதா, வந்தால் நல்ல சரக்கு, இதற்குமேல் இந்த உலகத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று கருவிலேயே தெரிந்துகொண்டு பிறந்த ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் சைஸ்காரர்.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். ஹார்டுவேர் கடையில் உங்களுக்கு முன்னால் வந்து உங்களுக்குப் பின்னால் போகிறவர் அவர்தான். சட்டைப் பையிலிருந்து, பேப்பர் துண்டில் மடித்த பழைய ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். எந்த மெஷினில் இருந்தது, அதன்மேல் பட்டது தண்ணீரா எண்ணெயா, சூடு எவ்வளவு, ஏன் கெட்டுப்போனது, ஒன்றும் சொல்லமாட்டார். "இதே சைஸ்ல ஒண்ணு குடுங்க." அவ்வளவுதான். கடைக்காரர் நாலைந்து எடுத்துப் போட்டால் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறுவார், இழுப்பார், முகர்வார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதன் வழியாகத் தெருவில் போகிற பஸ்ஸைப் பார்ப்பார், கடைசியில் ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். கடித்ததில் என்ன தெரிந்தது? கேட்டுவிடாதீர்கள். கடித்தவருக்கே தெரியாது.

இவரைக் கஞ்சன் என்று நினைத்தால் தப்பு. கஞ்சன் ஒருமுறை நஷ்டப்பட்டால் திருந்திவிடுவான். இவருக்கு இருக்கும் நோய் வேறு. இவருக்குச் சந்தேகம் வராது. சந்தேகமே வராத மனிதரை எந்த வழியில் போய்த் திருத்துவீர்கள்?

ஜெயங்கொண்டத்தில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கட்டுவது என் தொழில். எரிந்த மோட்டாரோடு அதை எரித்த மனிதரும் சேர்ந்தே கடைக்கு வருவார் என்பதால் இந்த இனத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் குறையே இல்லாமல் முழுசாக விளைந்த ஒருவரைப் பார்த்தது விக்கிரமங்கலம் சாலையில் இருக்கும் ஒரு முந்திரி ஆலையில்தான். பெயர் சிங்காரவேலு. ஆலைக்கு மேனேஜர். முதலாளி கும்பகோணத்தில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் இங்கே இவர் வைத்ததுதான் சட்டம்.

சிங்காரவேலுவின் நம்பிக்கைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. வாலிபத்தில் அவர் வயல் பம்ப்செட்டில் தண்ணீர் ஒழுகியது. பழைய சைக்கிள் டியூபைக் கத்தரியால் வட்டமாக வெட்டி வைத்து முடுக்கினார். ஒழுகல் நின்றது. பதினோரு வருடம் நின்றது. பச்சைத் தண்ணீர் கண்டிப்பில்லாத வாத்தியார் மாதிரி. எந்த ரப்பரை அதன் முன்னால் நிறுத்தினாலும் பாஸ் போட்டு அனுப்பிவிடும். அந்தப் பாஸை நம் ஆள் பெரிய பட்டமாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டிராக்டர், டீசல் என்ஜின், ஊர்த் தண்ணீர்த் தொட்டி, மாமனார் வீட்டுக் குளியலறை என்று எங்கே எது கசிந்தாலும், யாரும் கூப்பிடாவிட்டாலும், "டியூப் இருக்கா, கத்தரி இருக்கா" என்று கேட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். டீசலில் வைத்த டியூப் நாலே நாளில் உப்பிக் கொழகொழவென்று வந்தது. "அந்த டியூபு பழசு" என்றார். சைஸ்காரர் தோற்பதே இல்லை. ரப்பர்தான் தோற்கும்.

ஆலையில் முந்திரிக் கொட்டையை உடைப்பதற்கு முன்னால் நீராவியில் வேகவைப்பார்கள். அதற்கு ஆள் உயரத்தில் ஓர் இரும்புக் கலன். கொட்டையை உள்ளே கொட்டிக் கதவை மூடித் திருகினால், பின்னாலிருக்கும் பாய்லரிலிருந்து குழாய் வழியாக ஆவி அழுத்தத்தோடு உள்ளே பாயும். கதவு போய் உட்காரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே சீறுகிற ஆவிக்கும் வெளியே நிற்கிற மனிதர்களுக்கும் நடுவில் இருப்பது அந்த வளையம் மட்டும்தான். ஆவி போதாதென்று, வேகும்போது கொட்டைத் தோட்டிலிருந்து கறுப்பாக ஓர் எண்ணெய் கசியும். முந்திரிக்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உதட்டில் ஒரு சொட்டுப் பட்டால் ஒரு வாரத்துக்குச் சிரிக்க முடியாது.

கலனைச் செய்துகொடுத்த கோயம்புத்தூர்க்காரர் போட்ட வளையம் ஒன்றரை வருடம் உழைத்தது. பிறகு தட்டையாகி விறைத்துவிட்டது. கதவு ஓரத்தில் ஆவி நூலாகக் கசிய ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தவள் வளர்மதி. நாலு வருடமாகக் கலனில் கொட்டை போட்டு எடுப்பவள் அவள்தான்.

"சார், ரப்பரு செத்துப்போச்சு. அமுக்குனா எழும்பவே மாட்டேங்குது. போட்டவங்ககிட்டயே கேட்டு வாங்கிடுங்க."

"ஒரு ரப்பருக்குக் கோயம்புத்தூரா?" என்றார் சிங்காரவேலு. "சைஸ் இருக்குல்ல, வுடு."

அன்று பேரிங் வாங்க நான் பெரம்பலூர் போகவேண்டியிருந்தது. அவரும் பழைய வளையத்தைத் தோளில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பேரிங்கும் ஆயில் சீலும் விற்கிற கடை. சிவரஞ்சனி என்கிற பெண் தன் அப்பாவுக்குப் பிறகு அதை நடத்துகிறாள். வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எதுக்குங்க சார் போடப்போறீங்க?"

"கதவுக்கு."

"என்ன கதவு?"

"இரும்புக் கதவு."

"உள்ள என்ன சார் இருக்கும்? தண்ணியா, ஆவியா, எண்ணெயா? சூடு எவ்வளவு ஏறும்? பிரஷர் எவ்வளவு வைக்கிறீங்க?"

சிங்காரவேலு என்னைத் திரும்பிப் பார்த்தார். 'கேட்டியாய்யா' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பிறகு அவளிடம் சொன்னார்: "ஏம்மா, நான் ரப்பர் வாங்க வந்தனா, பொண்ணு பாக்க வந்தனா? இத்தன ஜாதகம் கேக்குற?"

சிவரஞ்சனி சிரிக்கவில்லை. "ஜாதகம் பாக்காம குடுத்தா நாளைக்கு ஆபத்து உங்களுக்குத்தான் சார். எண்ணெய்க்குத் தாங்குறது ஆவிக்குத் தாங்காது. ஆவிக்குத் தாங்குறது எண்ணெய்க்குத் தாங்காது. பாத்தா எல்லாம் கறுப்பாத்தான் இருக்கும். நீங்க சொல்லிட்டீங்கன்னா சரியானதப் பாத்துக் குடுத்துருவேன்."

சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 'முந்திரி, ஆவி, தோட்டு எண்ணெய்.' மூன்றே சொல். ஆனால் ஒரு பெண்பிள்ளை கேட்டு ஒரு சைஸ்காரர் பதில் சொல்லிவிட்டால் அந்தக் குலத்தின் மானம் என்னாவது? வளையத்தைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தச் சொற்களை நான் சொல்லியிருக்கலாம். பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை. அங்கே ஒன்றும் கேட்கவில்லை. கயிறு மாதிரிச் சுருட்டி வைத்திருந்த கறுப்பு ரப்பரை அளந்து வெட்டி, இரண்டு முனையையும் பசை வைத்து ஒட்டி வளையமாக்கிக் கொடுத்தார்கள். சிங்காரவேலு ஒட்டைக் கடித்துப் பார்த்தார். திருப்தி.

மாட்டிய முதல் நாள் ஒரு துளி ஆவிகூட வெளியே வரவில்லை. அதைச் சொல்வதற்காகவே எனக்குப் போன் செய்தார். "அந்தப் பொண்ணு என்னமோ பேசுச்சே, இப்ப வந்து பாக்கச் சொல்லுய்யா." முதல் நாள் எந்த ரப்பரும் நல்ல ரப்பர்தான் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால் மட்டும்?

பன்னிரண்டு நாள் ஓடியது. அது எண்ணெய் தாங்குகிற ரப்பர். ஆவி அதை வேகவைத்துவிட்டது. காய்ந்த வரட்டி மாதிரி விறைத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துவிட்டது. வெடிப்புக்குள் சிலிக்கான் பேஸ்டைப் பிதுக்கி விரலால் தடவினார், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறவர் மாதிரி. இரண்டு நாளில் பேஸ்ட் உரிந்து கொட்டையோடு வெந்து வந்தது.

பிறகு அரியலூர் போனார். இந்தமுறை பெரிய மனசு பண்ணி ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். "ஆவிக்கு." அதோடு வாயை மூடிக்கொண்டார். எண்ணெய் பற்றி மூச்சு விடவில்லை. அந்தக் கடைக்காரர் ஆவிக்கு ஏற்ற ரப்பரை, சரியாகவே, கொடுத்தார். பாதிக் கேள்விக்கு முழுச் சரியான பதில். அது ஆவிக்கு அசையவில்லை. ஆனால் தோட்டு எண்ணெயைக் குடித்துக் குடித்து உப்ப ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் பள்ளத்தைவிட்டுப் பிதுங்கி நின்றது. கதவு மூட மறுத்தது.

"சார், இது புண்ணாக்கு ஊறுன மாதிரி ஊறிக் கெடக்குது. இதப் போட்டு ஆவி விடக் கூடாது சார்" என்றாள் வளர்மதி.

"ஊறுனா நல்லதுதான, இன்னும் டைட்டா நிக்கும்" என்றார் மேனேஜர். பிதுங்கிய இடத்தையெல்லாம் பிளேடால் சீவினார். கதவை மூடி, ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, அதில் தொங்கிக்கொண்டு முடுக்கினார். சைஸ்காரரின் இரண்டாவது வேதவாக்கு அப்போதுதான் வெளியே வந்தது. "இறுக்குனா எதுய்யா ஒழுவும்?"

இதுவரை சிரித்துக்கொண்டு வந்தீர்கள். நானும்தான்.

மறுநாள் வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கொட்டை உடைக்கும் மேசையிலிருந்து தோட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு சம்பூர்ணம் கலனைத் தாண்டிப் போனார். ஐம்பது வயதுக்காரர், வளர்மதிக்கு அக்கா முறை. எப்போதும் போகிற வழிதான், வேறு வழி கிடையாது. சீவி மெலிந்த இடத்தில் ரப்பர் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. அதன் பின்னால் ஆவி. கூடை வலது தோளில் இருந்ததால் முகம் தப்பியது. வலது கையும் கழுத்தோரமும் தப்பவில்லை. வளர்மதி ஓடிப்போய் வால்வை மூடிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு அவரை இழுத்துக்கொண்டு போய்க் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாளாம். லோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் அங்கே போய்ப் பார்த்தபோது சம்பூர்ணம் அழவில்லை. "கை இருக்குதா பாருப்பா, எனக்குத் தெரியவே மாட்டேங்குது" என்று மட்டும் கேட்டார்.

வெளியே வராந்தாவில் சிங்காரவேலு நின்றிருந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். வந்தது.

"அந்த நேரத்துல அந்தம்மா ஏன்யா அந்தப் பக்கம் போவணும்?"

அவருக்கு அது போதவில்லை. "ரப்பர் கம்பெனிக்காரனுங்க ஏமாத்துறானுங்கய்யா. இப்பல்லாம் எவன் ஒழுங்கா செய்யுறான்?" என்றார். பதினோரு வருடம் பம்ப்செட்டில் உழைத்த சைக்கிள் டியூபை நினைத்துக்கொண்டார் போலும், பெருமூச்சு விட்டார்.

அடுத்த நாள் ஆலைக்கு வந்த இருபத்திரண்டு பெண்களும் உள்ளே போகவில்லை. வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. சோற்றுத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிங்காரவேலு அரியலூரில் இன்னொரு வளையம் வாங்கி வைத்திருந்தார். "புதுசு வாங்கியாச்சு, வாங்க" என்றார்.

"என்ன ரப்பருங்க சார் அது?" என்று கேட்டாள் வளர்மதி.

"ரப்பர்தான்."

"அது தெரியுது. என்ன ரப்பரு?"

மேனேஜர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண்கள் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் இப்படிப் போனது. பச்சைக் கொட்டை மூட்டை மூட்டையாகக் கிடங்கில் தேங்க, கும்பகோணத்திலிருந்து முதலாளி போனில் வந்தார். சம்பூர்ணத்தின் வைத்தியம் முழுக்கத் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சரியான ரப்பரை வாங்குங்கள் என்றார். தெரிந்த ஆள் யார்? மேனேஜர் சுற்றிலும் பார்த்தார்.

"நான் வரேன் சார்" என்றாள் வளர்மதி. "வாங்குறத நான் என் கண்ணால பாக்கணும்."

ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர். சிங்காரவேலு பஸ்ஸின் முன்பக்கத்திலும் வளர்மதி பின்பக்கத்திலும் உட்கார்ந்து வந்தார்கள். வழி காட்டுவதற்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். என் வாய் அன்று மூடியிருந்ததற்கு அபராதம் என்று வைத்துக்கொண்டு நானும் போனேன். அதே சிவரஞ்சனி கடை. வளர்மதி துணிப்பையிலிருந்து, பிய்ந்துபோன ரப்பர்த் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

சிவரஞ்சனி அதை விரலால் வருடிப் பார்த்தாள். "ஊறிப்போயிருக்கு. இந்த ஓரத்துல பிளேடு வச்சது யாரு?"

சிங்காரவேலு சுவரில் இருந்த காலண்டரில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்ல ரப்பர்தாங்க. தப்பான எடத்துல மாட்டிக்கிச்சு" என்றாள் சிவரஞ்சனி. பிறகு பழைய கேள்விகளையே வளர்மதியிடம் கேட்டாள். வளர்மதி ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மீட்டர் முள் எது வரைக்கும் ஏறும், ஒரு தடவைக்கு எத்தனை நிமிஷம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, திறந்ததும் எவ்வளவு நேரம் ஆறவிடுவது. "அப்புறம் கொட்டையிலேர்ந்து எண்ணெய் வரும்ங்க. கையில பட்டா தோலு உரிஞ்சிரும்."

சிவரஞ்சனி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். "தோல உரிக்கிற எண்ணெயா? அத ஏங்க அன்னைக்கே சொல்லல?"

கேள்வி யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. அதனால் எனக்கும் அதில் பங்கு கிடைத்தது.

ஆவி, எண்ணெய் இரண்டையும் தாங்குகிற வகை ஒன்று இருக்கிறது, விட்டான் என்பார்கள், அதிலும் ஆவிக்கென்று தனி ரகம் கேட்டு வாங்கவேண்டும், ஒட்டுப் போடாத முழு வளையமாக சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றாள். அதோடு விடவில்லை. பள்ளத்தைச் சுத்தமாகத் துடையுங்கள், கீறல் இருந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள், போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், ஸ்பேனருக்கு வால் வைக்காதீர்கள், மாற்று வளையத்தை வெயிலில் ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள் என்று அடுக்கினாள். "ஒழுகுனப்புறம் மாத்தாதீங்க. ஒழுகுறதுக்கு முன்னாலயே நாள் வச்சு மாத்துங்க."

வளர்மதி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து வளையம் வந்தது. அவளே பள்ளத்தைத் துடைத்து மாட்டினாள். அதன் பிறகுதான் பெண்கள் உள்ளே போனார்கள். இப்போது ஆவி வால்வின் சாவி வளர்மதியிடம். அவள் சரி என்று சொல்லாமல் திறக்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு. சம்பூர்ணம் மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வலது கை விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. இடது கையால் பருப்பைத் தரம் பிரிக்கிறார்.

சிங்காரவேலு? திருந்திவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. யாரைப் பார்த்தாலும், "ரப்பர்ல ரகம் இருக்குதுய்யா, எல்லாத்தையும் ஒண்ணுன்னு நெனச்சுறாத" என்று அரை மணி நேரம் வகுப்பெடுக்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் உங்களுக்கு முழுப் பாடமும் முடிந்துவிடும். கேட்கிறவர்கள் மேனேஜர் எவ்வளவு படித்தவர் என்று வியந்து போகிறார்கள்.

போன மாதம் ஆலையின் மினிலாரிக்கு பிரேக் ரப்பர் மாற்றவேண்டியிருந்தது. மெக்கானிக் நல்லுசாமியிடம் போய், "விட்டான் போடு" என்றாராம்.

"பிரேக் ஆயிலுக்கு அது ஆவாதுங்க. அதுக்கு வேற ரப்பரு" என்றிருக்கிறார் நல்லுசாமி.

"ஆயிலுக்கு விட்டான்தான்னு பெரம்பலூர்லயே சொல்லிட்டாங்க. நீ எனக்குச் சொல்றியா?"

ஆக, அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பெயர். முன்பு எல்லாவற்றுக்கும் சைக்கிள் டியூப். இப்போது எல்லாவற்றுக்கும் விட்டான். கேள்வி கேட்கவேண்டும் என்கிற பாடம் மட்டும் அவர் இருந்த பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நல்லுசாமி முடியாது என்றதும் வேறு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே எதைப் போட்டார்களோ தெரியாது. விக்கிரமங்கலம் சாலையில் அந்த மினிலாரி எதிரே வந்தால் நான் வண்டியை மண்ணில் இறக்கிவிட்டு, அது போன பிறகு ஏறிக்கொள்கிறேன். வளர்மதியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். நீங்கள் படித்தவர். கடையில் எதையும் கடித்துப் பார்க்காதவர். மேனேஜர் மேல் உங்களுக்கு இப்போது நல்ல கோபம் வந்திருக்கும். சம்பூர்ணத்துக்காக மனசும் இளகியிருக்கும். சந்தோஷம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய், காஸ் சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகிற குழாயை அடுப்புக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். அதன்மேல் ஒரு வருடம் அச்சடித்திருக்கும். அந்த வருடத்துக்குமேல் அதை வைத்திருக்கக் கூடாது என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால்தான் தெரியும். துடைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நல்லாத்தான இருக்கு, அமுக்குனா அமுங்குதே" என்று உங்கள் வாயில் வருகிறதா என்று கவனியுங்கள்.

எங்கள் வீட்டுக் குழாயில் என்ன வருடம் போட்டிருந்தது என்று கேட்காதீர்கள். குனிந்து பார்த்த அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன்.